காலமை இருபது நிமிசம்: கதிர்ச்சிகிச்சை மெசினை அளக்கிறது ஆர்?

எங்கட ஊர் வைத்தியசாலைக்குப் பெரிய மெசின் ஒண்டு வந்தால் என்ன நடக்கும் எண்டு எல்லாருக்கும் தெரியும். வாழை கட்டுவார்கள். நாடா வெட்டுவார்கள். அமைச்சர் வருவார், அவரைப் பிடிக்காத எம்.பி.யும் பின்னால் வருவார். நன்கொடை தந்தவர்களின் பெயர் கல்லில் பொறிக்கப்படும். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பழைய மாணவர் சங்கங்களின் வட்ஸ்அப் குழுக்களில் படம் ஓடும். அடுத்த நாள் பேப்பரில் "கோடிக்கணக்கான ரூபா பெறுமதியான நவீன இயந்திரம்" என்று தலைப்பு வரும். அதோடு கதை முடிந்துவிடும்.

உண்மையில் கதை அதற்கு அடுத்த நாள் காலமைதான் தொடங்குகிறது. முதல் நோயாளி உள்ளே வரமுன்னம் ஒருவர் அந்த அறைக்குள் போய், மெசின் நேற்றுத் தந்த அதே அளவைத்தான் இண்டைக்கும் தருகுதா என்று அளந்து பார்க்க வேண்டும். நாளைக்கும் பார்க்க வேண்டும். மெசின் இருக்கும் வரைக்கும், வேலை நடக்கிற ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டும். இந்த வேலைக்கு நாடா வெட்ட முடியாது. படம் எடுத்தாலும் அழகாக வராது. அதனால் அதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

என்னுடைய வாதம் எளிமையானது. காலமை அளந்து பார்க்காத கதிர்ச்சிகிச்சை மெசின், எத்தனை கோடி பெறுமதி என்றாலும், அந்த நாளைக்கு மருத்துவக் கருவி அல்ல. அளந்து வந்த எண் அலுவலகக் கோப்புக்கு மட்டும் சொந்தமானதும் அல்ல. வெளியில் வாங்கில் காத்திருக்கிறவருக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது. நாங்கள் மெசின் கேட்டுப் போராடத் தெரிந்த சமூகம். அந்த இருபது நிமிசத்தைக் கேட்டுப் போராட இன்னும் பழகவில்லை.

அந்த இருபது நிமிசத்தில் என்ன நடக்குது?

எங்கட சனம் கதிர்ச்சிகிச்சையைக் "கரண்ட் பிடிக்கிறது" எண்டு சொல்லும். கரண்டுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. லினாக் என்று சொல்லப்படும் நேர்கோட்டு ஆர்முடுக்கி, இலத்திரன்களை ஒளியின் வேகத்துக்குக் கிட்ட ஓடவிட்டு ஒரு உலோகத் தகட்டில் மோதவிடுகிறது. அதில் பிறக்கும் சக்தி கூடிய எக்ஸ் கதிர்தான் மருந்து. பழைய மெசின்களில் கோபால்ட்-60 என்ற கதிர்த்தொழிற்பாட்டு மூலகம் அந்த வேலையைச் செய்யும். இரண்டிலும் கதிருக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, சூடு இல்லை. படுத்திருக்கிற நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. பொத்தானை அமத்துகிறவருக்கும் தெரியாது. குளிசை என்றால் நிறம் மாறியிருப்பதையாவது கண்ணால் காணலாம். சேலைன் போத்தலில் தூசி மிதந்தால் ஒரு தாதியின் கண்ணில் படலாம். கதிரில் கூடினதையும் குறைந்ததையும் அளவுகருவியைத் தவிர வேறு எதுவும் சொல்லாது.

ஆகவே காலமை அளக்க வேண்டும். மெசினைப் போட்டுச் சூடாக விட்டு, உடம்பைப் போலவே கதிரை உறிஞ்சும் பிளாஸ்ரிக் தட்டுகளுக்கு நடுவில் ஒரு சின்ன அயனாக்க அறையை வைத்து, குறித்த அளவு கதிரைப் பாய்ச்சி, வந்த வாசிப்பை அடிப்படை வாசிப்போடு ஒப்பிட வேண்டும். அறையின் வெப்பநிலையையும் வளியமுக்கத்தையும் குறித்துக் கணக்கில் சேர்க்க வேண்டும். திறந்த அயனாக்க அறைக்குள் இருப்பது வெறும் காற்று. வெப்பநிலை 3 பாகை கூடினால் காற்று ஐதாகி வாசிப்பு ஏறத்தாழ 1 சதவீதம் விழும். ஏசி பழுதான ஒரு காலமையில் வெப்பமானியைப் பார்க்காமல் அளந்தால் அந்த அளவே பிழை.

பிறகு சுவரில் இருக்கிற லேசர்கள். நோயாளியின் தோலில் போட்ட அடையாளத்தோடு பொருத்திப் படுக்க வைப்பது இந்த லேசர் கோடுகளை வைத்துத்தான். கோடு விலகினால் கதிரும் விலகும். பிறகு கதவு. கதிர் ஓடும்போது கதவைத் திறந்தால் மெசின் தானாக நிற்க வேண்டும். கதவைத் திறந்து பார்க்காமல் அது நிற்கும் என்று நம்பக்கூடாது. உள்ளே இருக்கிற ஆளைப் பார்க்கிற கமெரா, அவர் கூப்பிட்டால் கேட்கிற ஒலிபெருக்கி, கதிர் ஓடுகிறதைக் காட்டுகிற சிவப்பு விளக்கு எல்லாம் ஒவ்வொன்றாய்ப் பார்க்கப்பட வேண்டும்.

இதற்கு எழுதப்பட்ட எல்லைகள் இருக்கின்றன. அமெரிக்க மருத்துவ பௌதிகவியலாளர் சங்கம் 1994 இல் வெளியிட்ட 40 ஆம் பணிக்குழு அறிக்கையும், 2009 இல் வெளியிட்ட 142 ஆம் பணிக்குழு அறிக்கையும் உலகம் முழுக்கப் பாவிக்கப்படுகின்றன. லினாக்கின் கதிரளவு நாளாந்தச் சோதனையில் அடிப்படையிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் விலகக்கூடாது. மாதச் சோதனையில் எல்லை 2 சதவீதம், வருடச் சோதனையில் 1 சதவீதம். சாதாரண சிகிச்சைக்கு லேசர் 2 மில்லிமீற்றருக்குள் நிற்க வேண்டும். நுட்பமான சிகிச்சைகளுக்கு எல்லை இன்னும் இறுக்கம்.

"மூண்டு வீதம் எல்லாம் ஒரு விசயமோ?" எண்டு ஆரும் கேட்கலாம். சந்தையில் தராசு மூன்று வீதம் பிழைத்தால் ஒரு கத்தரிக்காய்தான் நட்டம். இங்கே கணக்கு வேறு. நோயாளிக்கு உடலில் சேர வேண்டிய மொத்த அளவில் எல்லாப் பிழைகளும் சேர்ந்து 5 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும் என்று சர்வதேச கதிர்வீச்சு அலகுகள், அளவீடுகளுக்கான ஆணைக்குழு 1976 இலேயே எழுதிவிட்டது. அந்த 5 சதவீதத்துக்குள்தான் மெசின், திட்டமிடும் கொம்பியூட்டர், நோயாளி அசைந்தது, மெலிந்தது எல்லாம் பங்கு போட வேண்டும். கொஞ்சம் குறைந்தால் கட்டி தப்பிவிடும். கொஞ்சம் கூடினால் பக்கத்தில் இருக்கிற குடலோ முள்ளந்தண்டு நாணோ தாங்காது. நோயாளி ஒரு நாள் அசைந்து படுத்தால் அந்தப் பிழை அடுத்த நாள் வேறு பக்கம் போய்ச் சராசரியாகலாம். மெசினின் பிழை அப்படிப்பட்டது அல்ல. அது கிழமைக்கு ஐந்து நாளும், ஐந்து ஆறு கிழமைக்கும், வருகிற எல்லாருக்கும் ஒரே பக்கமாய்ப் பிழைக்கும்.

அளக்காமல் விட்டவர்களின் கதை

இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிற பயம் இல்லை. நடந்திருக்கிறது. பணக்கார நாடுகளில், படித்தவர்கள் நிறைந்த வைத்தியசாலைகளில் நடந்திருக்கிறது.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 1974 இற்கும் 1976 இற்கும் இடையில் ஒரு கோபால்ட் மெசின். கோபால்ட்-60 இன் அரை ஆயுட்காலம் 5.27 வருடம். ஏறத்தாழ மாதம் ஒரு சதவீதம் அதன் வலு குறையும். அந்தக் குறைவைக் கணக்கிட ஒரு வரைபு கீறினார்கள், வரைபு பிழைத்துவிட்டது. மெசின் உண்மையில் இருந்ததைவிட வேகமாக வலுவிழப்பதாகக் காகிதம் சொன்னது. அதை ஈடுசெய்ய ஒவ்வொரு நோயாளிக்கும் கூடுதல் நேரம் கதிர் பாய்ச்சினார்கள். 22 மாதம் ஒருவரும் கதிரை நேரடியாக அளக்கவில்லை. கவனம் முழுக்கப் புதிதாக வந்த லினாக்கின் பக்கம். 426 பேருக்கு அளவுக்கு மிஞ்சின கதிர் போனது. மாதத்துக்கு ஒருமுறை அயனாக்க அறையை எடுத்து வைத்திருந்தால்கூட முதல் சில மாதத்திலேயே அகப்பட்டிருக்கும். புது மெசின் வந்ததால் பழைய மெசினை அளக்க ஆள் இல்லாமல் போன கதை இது. எங்கட திறப்புவிழாக்காரர்கள் இதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

ஸ்பெயினின் சரகோசாவில் 1990 டிசம்பரில் ஒரு லினாக் பழுதானது. திருத்துகிறவர் வந்து திருத்தினார். பௌதிகவியல் பிரிவுக்கு ஒருவரும் சொல்லவில்லை. மெசின் ஓடினது, சிகிச்சை தொடங்கினது. கட்டுப்பாட்டு மேசையில் இருந்த மானி, எந்தச் சக்தியைத் தெரிவுசெய்தாலும் 36 மில்லியன் இலத்திரன் வோல்ற்று என்றே காட்டியது. ஊசி சிக்கிப்போய்விட்டது என்று நினைத்தார்கள். ஊசி உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ பத்து நாளில் 27 நோயாளிகள் பாதிக்கப்பட்டார்கள், பலர் அதனாலேயே இறந்தார்கள். திருத்தினவருக்கும் முதல் நோயாளிக்கும் நடுவில் ஒரேயொரு அளவீடு இருந்திருந்தால் அந்தப் பத்து நாளும் இல்லை.

மூன்றாவது கதை எங்களுக்கு இன்னும் கிட்ட. போலந்தின் பியாலிஸ்ரொக், 2001 பெப்ரவரி 27. சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போது மின் போய்விட்டது. மின் வந்ததும் மெசினைத் திரும்பப் போட்டு, மிச்ச நோயாளிகளுக்குச் சிகிச்சையைத் தொடர்ந்தார்கள். அந்த மின்தடையோடு மெசினுக்குள்ளேயே இருந்த கதிரளவு கண்காணிப்புப் பகுதி பழுதாகியிருந்தது. பிழை நடந்தால் மெசினை நிறுத்த வேண்டிய பாதுகாப்புச் சுற்றும் ஏற்கெனவே வேலை செய்யவில்லை. மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்து வந்திருந்த ஐந்து பெண்களுக்குத் தேவையைவிடப் பல மடங்கு கதிர் போனது. தோல் எரிகிறது, கடிக்கிறது என்று பெண்கள் சொன்ன பிறகுதான் மெசினை நிறுத்தினார்கள். நோயாளியின் தோல்தான் அன்றைக்கு அளவுகருவி.

மின்வெட்டைப் பற்றி இலங்கையருக்கு ஒருவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் இருட்டில் இருந்திருக்கிறோம். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் நாடு முழுக்க இருண்டது என்று அமைச்சரே சொன்னார். நல்ல காலம், அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. வைத்தியசாலைகளுக்கு ஜெனரேற்றர் இருக்கிறது, சரி. கரண்ட் போய் ஜெனரேற்றர் பிடிக்கிற அந்த இடைவெளிதான் பியாலிஸ்ரொக்கில் நடந்த இடைவெளி. மின் தடைப்பட்டு மெசின் நின்றால், திரும்பப் போட்டதும் அளக்காமல் ஒரு நோயாளியையும் உள்ளே எடுக்கக்கூடாது என்பதுதான் அந்தப் பெண்கள் உலகத்துக்குத் தந்த பாடம். குரங்கு பாயிற நாட்டில் அந்தப் பாடத்தின் பெறுமதி இன்னும் கூட.

கூடினால் தோல் எரியும், ஆராவது கத்துவார்கள். குறைந்தால் ஒருவரும் கத்த மாட்டார்கள். இங்கிலாந்தின் ஸ்ரோக் நகரில் 1982 தொடக்கம் 1991 வரை, திட்டமிடும் கணக்கில் ஒரு திருத்தத்தை இரண்டு தரம் போட்டதால் 1045 பேருக்குத் தேவையைவிடக் குறைந்த கதிர் போனது. அது மெசின் பிழை அல்ல, கணக்குப் பிழை. ஆனாலும் ஒன்றை நிறுவிக் காட்டியது: குறைவான கதிர் கிட்டத்தட்ட பத்து வருடம் ஒளித்திருக்கும். நோய் திரும்பி வந்தால் "நோய் கடுமை", "விதி", "பிந்தி வந்தவை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். மெசினைச் சந்தேகிக்க எங்களுக்குத் தோன்றாது.

சாட்டுகளும் பதில்களும்

முதல் சாட்டு: "இப்பத்தைய மெசின் தன்னைத் தானே சோதிக்கும்." ஓம், லினாக்குக்குள் இரண்டு அயனாக்க அறைகள் இருக்கின்றன, ஒன்று மற்றதைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் இரண்டும் அதே மெசினுக்குள், அதே மின்சாரத்தில், அதே அளவுதிருத்தத்தை நம்பி இருக்கின்றன. பியாலிஸ்ரொக்கில் பழுதானதே அந்த உள் கண்காணிப்புத்தான். வேலிக்கு ஓணான் சாட்சி. வெளியில் இருந்து வருகிற கருவிதான் சுயாதீன சாட்சி.

இரண்டாம் சாட்டு: "நேரம் இல்லை, வெளியில் சனம் நிக்குது." இதை நான் லேசாக எடுக்கவில்லை. விடிய முன்னம் பஸ் ஏறி, சாப்பிடாமல், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்த மனிசர் வெளியில் இருக்கினம். சிகிச்சை தள்ளிப்போவதும் ஆபத்துத்தான். இலங்கை ஆண்களிடம் கூடுதலாக இருக்கிற வாய்ப் புற்றுநோய் போன்ற தலை, கழுத்துப் புற்றுநோய்களில், சிகிச்சை முடிகிற காலம் ஒரு நாள் நீண்டாலே நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஏறத்தாழ ஒரு சதவீதம் குறைகிறது என்று கணித்திருக்கிறார்கள். ஆகவே மெசினைச் சும்மா நிறுத்தி வைப்பதற்கும் விலை இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கை நேர்மையாகப் போடுவோம். ஒரு மெசினில் ஒரு நாளைக்கு ஐம்பது பேர் என்று வைத்தால், காலமை இருபது நிமிசம் அந்த ஐம்பது பேருக்கும் பங்கிடப்படுகிறது. ஆளுக்கு அரை நிமிசம்கூட இல்லை. நேரம் இல்லை என்பவர்கள் மெசின் குறைவு என்றோ, வேலையாள் குறைவு என்றோ வெளிப்படையாகச் சொல்லட்டும், அதற்காக நாங்களும் சேர்ந்து குரல் கொடுப்போம். நோயாளியின் அரை நிமிசத்தில் கைவைத்து அந்தக் குறையை மூடக்கூடாது.

மூன்றாம் சாட்டுத்தான் எனக்கு ஆகவும் கோபம் வருவது: "இதையெல்லாம் சனத்துக்குச் சொன்னால் பயப்பிடும், சிகிச்சைக்கே வராது." புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு நோயின் ஏதோ ஒரு கட்டத்தில் கதிர்ச்சிகிச்சை பயன்தரும். அதை விட்டுவிட்டு ஓடச் சொல்லி இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. ஆனால் இந்த நாட்டுச் சனம் பயப்படுவது உண்மை தெரிந்ததாலா, மறைத்ததாலா? 2023 இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் ஊசி மருந்து விவகாரம் வந்தபோது நோயாளிகளின் நம்பிக்கையை உடைத்தது, அதை வெளியே கொண்டுவந்தவர்களா, அந்த மருந்தை உள்ளே கொண்டுவந்தவர்களா? "இண்டைக்குக் காலமை அளந்தது, 0.6 சதவீதம் கூட, எல்லைக்குள்தான் இருக்கு, வாங்கோ அம்மா" என்று சொன்னால் எந்த அம்மா பயந்து ஓடுவா? விமானத்தில் ஏறமுன்னம் அதைச் சோதிக்கிறார்கள் என்பது தெரிந்துதானே ஏறுகிறோம்.

நாலாவது சாட்டை ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, பழக்கத்தில் இருக்கிறது: சரி அடையாளம். படிவத்தில் பத்துக் கட்டம், பத்திலும் ஒரு "சரி". சோதனை செய்ததற்கும் பேனை ஓடினதற்கும் வித்தியாசம் தெரியாத படிவம் அது. எண் எழுத வேண்டும். 0.4, 0.9, 1.3, 1.8 என்று ஒரு கிழமையாக ஏறிக்கொண்டு போனால், எல்லையைத் தாண்டமுன்னமே மெசின் எங்கேயோ நழுவுகிறது என்று கண் உள்ளவருக்குத் தெரியும். அதே கிழமையைச் "சரி, சரி, சரி, சரி" என்று எழுதினால் ஒன்றும் தெரியாது. வருடம் முழுக்க ஒரு பிழையும் இல்லாத புத்தகத்தைப் பார்த்துச் சந்தோசப்படுகிற நிர்வாகம்தான் மெசினைவிட எனக்குப் பயமாக இருக்கிறது. சோதனை செய்கிற இடத்தில் எப்போதாவது ஒரு நாள் மெசின் நிற்கத்தான் வேணும்.

நாளாந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. நேற்றோடு இன்றை ஒப்பிடுவதுதான் அதன் வேலை. நேற்றே பிழை என்றால் இன்றும் அதே பிழையைச் "சரி" என்றுதான் சொல்லும். கொஸ்ரா ரிக்காவில் 1996 இல் கோபால்ட் மூலத்தை மாற்றிவிட்டு அளவுதிருத்தம் செய்தபோது 0.3 நிமிசத்தை 30 செக்கன் என்று எடுத்துவிட்டார்கள். 0.3 நிமிசம் என்றால் 18 செக்கன். அந்த ஒரு புள்ளியில் 115 நோயாளிகள் அகப்பட்டார்கள். அடிப்படை பிழைத்தால் அதன்மேல் செய்கிற காலமைச் சோதனை ஒன்றும் காப்பாற்றாது. ஆகவேதான் முதல் அளவீட்டை இன்னொருவர் தனியாகத் திரும்ப அளக்க வேண்டும், வெளியில் இருந்தும் ஒருவர் பார்க்க வேண்டும். சர்வதேச அணுசக்தி முகவரகமும் உலக சுகாதார நிறுவனமும் 1969 இலிருந்து சின்ன அளவுமானிகளைத் தபாலில் அனுப்பி வைத்தியசாலைகளின் கதிரளவைச் சரிபார்க்கின்றன. 5 சதவீதத்துக்கு மேல் விலகினால் திரும்பக் கேள்வி வரும். எங்களிடமும் 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் ஒழுங்குபடுத்தும் பேரவை ஒன்று இருக்கிறது. உரிமம் கொடுப்பதும் பரிசோதிப்பதும் அதன் வேலை. ஆனால் எந்தப் பேரவையும் ஒவ்வொரு காலமையும் ஆறரை மணிக்கு வந்து நிற்காது. சட்டத்துக்கும் நோயாளிக்கும் நடுவில் இருப்பது, காலமை அந்த அறைக்குள் போகிற ரேடியோகிராபரும் மருத்துவ பௌதிகவியலாளரும்தான்.

நன்கொடை தருகிறவர்களுக்கு

2011 இல் தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரை ஆட்கள் நடந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குக் காசு சேர்த்தார்கள். 2016 இல் பருத்தித்துறையில் இருந்து திரும்பத் தெற்குக்கு நடந்து கராப்பிட்டிக்குச் சேர்த்தார்கள். போர் முடிந்த கையோடு இந்த நாட்டில் நடந்த நல்ல காரியங்களில் அது ஒன்று. அப்படி நடந்தவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் காலடிகளுக்கு மரியாதை செய்ய வேண்டுமென்றால் அடுத்த படியையும் நாங்கள் கேட்க வேண்டும்.

மெசின் வாங்கித் தருகிறோம் என்று வருகிற சங்கங்களிடம் கேளுங்கோ: அயனாக்க அறை எத்தனை? அதன் வாசிப்பை எடுக்கிற மின்மானி எத்தனை? அவற்றைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை தரநிலை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி அளவுதிருத்தம் செய்கிற காசு ஆர் தருவினம்? பராமரிப்பு ஒப்பந்தம் எத்தனை வருடம்? பௌதிகவியலாளருக்கு நியமனம் இருக்கிறதா? 2022 இற்குப் பிறகு எத்தனை படித்த சுகாதார ஊழியர் விமானம் ஏறினார்கள் என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்த கதை. கல்லில் பெயர் பொறிக்கிற காசில் ஒரு பங்கை, அந்தக் காலமை வேலையைச் செய்கிறவர் இங்கேயே இருக்கச் செலவழித்தால் அது பெரிய தொண்டு. அளவுகருவியிலும் பெயர் பொறிக்கலாம், இடம் கொஞ்சம் சின்னன், அவ்வளவுதான்.

என்ன கேட்கிறோம்?

ஒன்று. சிகிச்சை அறை வாசலில் ஒரு பலகை. இன்றைய திகதி, மெசின் அளந்த நேரம், கதிரளவு அடிப்படையிலிருந்து எவ்வளவு விலகல், எல்லை எவ்வளவு, அளந்தவரின் பதவி. தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். வடக்கு, கிழக்கு, மலையகத்தில் இருந்து தெற்குக்குப் போய், மொழி தெரியாத வரிசையில் இருக்கிற நோயாளிக்குத் தன் மொழியில் ஒரு எண்ணையாவது வாசிக்கக் கிடைக்க வேண்டும்.

இரண்டு. அளக்கிறவருக்கு நிறுத்துகிற அதிகாரம். எண் எல்லையைத் தாண்டினால் இன்றைக்குக் கதவு திறக்காது என்று அவர் சொன்னால், பணிப்பாளரும் விசேட வைத்திய நிபுணரும் அரசியல்வாதியும் அதை மாற்றக்கூடாது. அப்படி நிறுத்தினதற்காக அவருக்கு இடமாற்றம் வரக்கூடாது. நிறுத்த முடியாதவர் செய்கிற சோதனை வெறும் சடங்கு.

மூன்று. திருத்தின பிறகும், மின் தடைப்பட்டு மெசின் நின்ற பிறகும் அளக்காமல் நோயாளி இல்லை. மேசையில் நின்று சிகிச்சை கொடுக்கிற எல்லாருக்கும் இது எழுத்தில் இருக்க வேண்டும்.

நாலு. மெசின் நின்றால் காரணம் நோயாளிக்குச் சொல்லப்பட வேண்டும். "மெசின் பழுது, நாளைக்கு வாங்கோ" போதாது. என்ன நடந்தது, விடுபட்ட நாளை எப்படி ஈடுசெய்யப் போகிறார்கள் என்று டொக்டர் அவருக்கு விளங்குகிற மொழியில் சொல்ல வேண்டும்.

இந்த நாலில் எதற்கும் புதுக் கட்டடம் தேவையில்லை, கடன் தேவையில்லை, சர்வதேச மாநாடு தேவையில்லை. ஒரு பலகையும் ஒரு சுற்றறிக்கையும் போதும்.

இதை வாசிக்கிறவர்களில் சிலரின் வீட்டிலேயே இப்போது ஆராவது கிழமைக்கு ஐந்து நாள் "கரண்ட் பிடிக்க" போய்வரலாம். அவர்களோடு துணைக்குப் போகும்போது அந்த அறையில் இருக்கிற ரேடியோகிராபரிடம் மரியாதையாக, சிரித்துக்கொண்டு ஒரு கேள்வி கேளுங்கோ: "மிஸ், இண்டைக்குக் காலமை அளந்த அளவு எவ்வளவு?" அளந்தவர் சந்தோசமாகச் சொல்லுவார். இவ்வளவு நாளும் அந்த வேலையை ஒருவரும் கேட்டதில்லை. ஒரு நாளைக்கு ஒருவர் கேட்டால் அது விசாரிப்பு. ஐம்பது பேரும் கேட்டால் அந்தப் பலகை தானாக வாசலுக்கு வரும்.